உரைகல்லில் தெரியாத சரக்கு

கேள்வி: எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டையில். கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், நாலு பேர் வேலை செய்கிறார்கள். மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதியிருக்கிறாள், பயாலஜி குரூப், இன்னும் பதினெட்டு முடியவில்லை. ஜனவரியில் ஒரு கோச்சிங் சென்டர் நடத்திய இலவச மாதிரித் தேர்வுக்கு ஆன்லைனில் பெயர் கொடுத்தாள். என் போன் நம்பரைப் போட்டாள். மார்ச்சிலிருந்து தினமும் ஏழெட்டு அழைப்புகள்: கல்லூரி, கன்சல்டன்சி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஏஜென்ட், கல்விக் கடன். மகளின் பெயர், பள்ளி, குரூப் எல்லாம் சொல்கிறார்கள். ஒருவர், "உங்க வீட்டுக்காரர் பட்டறைதானே வெச்சிருக்கார், பீஸ் கட்டறது கஷ்டமிருக்காதே" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் கொழுந்தனார், "சட்டமெல்லாம் ஒண்ணும் பண்ணாது அண்ணி. ஜனங்க நல்ல கம்பெனியா பாத்துப் போனா மத்தவன் தானா திருந்துவான்" என்கிறார். கணவர் சிம்மை மாற்றச் சொல்கிறார். அந்த நம்பரில்தான் வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் எல்லாம் இருக்கிறது. யார் சொல்வது சரி? நான் என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் சிம். அதை மாற்றாதீர்கள். நீங்கள் விட்ட நம்பரைச் சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்காவது ஒரு கணக்கில் பழைய நம்பரை மாற்ற மறந்திருந்தால், உங்கள் ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவரின் போனில் போய் விழும். தப்பு செய்தவர் சௌகரியமாக இருக்க, நீங்கள் எதற்காக வீட்டைக் காலி செய்ய வேண்டும்?

அடுத்து, உங்களைக் கலங்கடித்த அந்தப் பட்டறைப் பேச்சு. மாதிரித் தேர்வுப் படிவத்தில் 'தந்தையின் தொழில்', 'ஆண்டு வருமானம்' என்று இரண்டு கட்டங்கள் இருந்தனவா என்று மகளிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இதே புகாரோடு என்னிடம் வந்த மூன்று குடும்பங்களின் படிவங்களிலும் இருந்தன. உங்கள் வீட்டை யாரும் வேவு பார்க்கவில்லை. பிள்ளை கேட்டதையெல்லாம் ஒழுங்காக நிரப்பியிருக்கிறாள், அவ்வளவுதான். அவளைத் திட்டாதீர்கள். சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். மாதிரித் தேர்வு எழுதப் பாடம் தெரிந்தால் போதும். அப்பாவின் வருமானம் எதற்கு? தேர்வுக்கு அது தேவையே இல்லை. பட்டியலை வாங்குகிறவருக்குத்தான் தேவை. மாவட்டவாரியாக, குரூப்வாரியாக, வருமானவாரியாகப் பிரித்துவைத்த எக்செல் ஷீட் ஒன்றை ஒரு வழக்கில் நானே பார்த்தேன். பனமரத்துப்பட்டியில் தொடங்கி ஏற்காட்டு மலைமேல் நாகலூர் வரை நம் ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது உங்கள் கொழுந்தனார் சொன்னதற்கு வருகிறேன். அவர் பேச்சை ஒதுக்கிவிட முடியாது. வாங்குகிறவர் தராதரம் பார்த்துப் போனால் விற்கிறவர் திருந்துவார் என்பது பல சரக்குகளில் உண்மை. உங்கள் கணவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 80 டச், அதாவது நூற்றுக்கு எண்பது பங்கு சுத்த வெள்ளி என்று சொல்லி ஒருவர் கொடுத்த கட்டி 70-தான் என்றால், ஒரு சின்னத் துண்டை வெட்டி டச் பார்க்கக் கொடுத்தால் போதும், குட்டு உடைந்துவிடும். அடுத்த வாரம் அந்த ஆளிடம் செவ்வாய்ப்பேட்டையில் யாரும் கட்டி வாங்க மாட்டார்கள். அங்கே சந்தையே காவல்காரன்.

அந்தக் காவல் நடப்பதற்கு இரண்டு வேண்டும். சரக்கின் தரத்தை வாங்குகிறவர் பார்க்க முடிய வேண்டும். கெட்டது யாரிடமிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். உங்கள் மகள் கொடுத்த விவரத்தில் இந்த இரண்டுமே இல்லை. ஜனவரியில் கொடுத்தாள், மார்ச்சில் போன் வந்தது. நடுவில் எத்தனை கை மாறியது என்று உங்களுக்குத் தெரியாது. கோச்சிங் சென்டர் விற்றதா, அதன் இணையதளத்தைக் கட்டிக்கொடுத்தவர் எடுத்தாரா, அங்கே வேலையை விட்டுப் போன ஒருவர் பென் டிரைவில் கொண்டுபோனாரா? எந்த உரைகல்லில் உரசிப் பார்ப்பீர்கள்? யாரென்றே தெரியாதபோது யாரை விட்டுவிட்டு யாரிடம் போவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தங்கத்துக்கு உரைகல் காலங்காலமாக இருக்கிறது. இருந்தும் நகைக்கடைக்குப் போகிற சாதாரணக் குடும்பம் அதைக் கையோடு கொண்டுபோக முடியாது. அதனால்தான் 2000-ஆம் ஆண்டில் தங்கத்துக்கு ஹால்மார்க் கொண்டுவந்தார்கள். அப்போது அது விருப்பம்தான், வேண்டுமென்கிற கடைக்காரர் போட்டுக்கொள்ளலாம். கட்டாயமாக்கத் தொடங்கியது 2021 ஜூனில். இடையில் இருபத்தொரு ஆண்டுகள். உரசினால் தெரிந்துவிடுகிற பொருளுக்கே சந்தையை மட்டும் நம்பினால் போதவில்லை. உரசினாலும் தெரியாத பொருளுக்கு?

உங்கள் கொழுந்தனார் ஆப்பிள் கதையையும் சொல்லியிருப்பார், அவர் வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். 2021 ஏப்ரலில் ஐபோனில் ஒரு மாற்றம் வந்தது. ஒரு செயலி மற்றச் செயலிகளிலும் இணையதளங்களிலும் நம்மைப் பின்தொடர வேண்டுமென்றால் முதலில் நம்மிடம் கேட்க வேண்டும். கேட்டபோது பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். அதனால் 2022-இல் தங்கள் வருமானம் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. எந்த நாட்டுச் சட்டமும் ஒரே நாளில் அப்படி ஓர் அடி கொடுத்ததில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் போன் என்ன விலை? கொலுசுக்குச் சலங்கை வைத்துப் பற்றவைக்கிற பெண்ணின் கையில் எந்தப் போன் இருக்கிறது? அந்தரங்கம் விலை கொடுத்து வாங்குகிற பொருளானால், பட்டறை முதலாளிக்குக் கொஞ்சம் கிடைக்கும், பட்டறையில் வேலை செய்கிறவருக்குக் கிடைக்காது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. எவ்வளவு விலை உயர்ந்த போனானாலும், உங்கள் மகள் தன் கையால் நிரப்பிய படிவம் விற்கப்படுவதை அது தடுக்கவும் போவதில்லை.

சந்தை நன்றாக வேலை செய்கிற இடத்தையும் பார்த்திருக்கிறேன். ஏற்காட்டில் நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர் முன்பெல்லாம் விருந்தினரின் ஆதாரை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்வார். கோடை விழா முடிந்தபோது அவர் போனில் நூற்றுக்கணக்கான ஆதார் படங்கள் சேர்ந்திருந்தன. ஒரு விருந்தினர் முகத்துக்கு நேராகக் கேட்டார்: "நாங்க போன பிறகு இதையெல்லாம் என்ன பண்ணுவீங்க?" அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இப்போது வந்திறங்கியதும் அடையாள அட்டையைக் கண்ணால் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். நகல் தேவைப்பட்டால் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரே போதும் என்கிறார். ஆதார் இணையதளத்திலேயே அதை எடுக்கலாம், நீங்களும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகம் பார்த்துக் கேட்கிற இடத்தில் கேள்விக்குப் பலன் உண்டு. உங்கள் மகள் யார் முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பாள்?

'படித்துப் பார்த்துச் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும்' என்பார்கள். 2008-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒருவர் ஓர் ஆண்டில் பார்க்கும் இணையதளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை எல்லாம் வரி விடாமல் படித்தால் 244 மணி நேரம் ஆகும். பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையிடம் அதைக் கேட்க முடியுமா? அதுவும் எல்லாம் ஆங்கிலத்தில்.

சட்டம் முன்னே போனால் சந்தையும் பின்னால் வருகிறது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி கடன் செயலிகள். அம்மாபேட்டைத் தறிக்காரக் குடும்பங்கள் அந்தச் செயலிகளிடம் பட்ட பாடு எனக்கு நேரில் தெரியும். ஐயாயிரம் ரூபாய்க் கடனுக்குப் போனில் இருந்த நம்பர்களையெல்லாம் உருவிக்கொண்டு, தவணை ஒரு நாள் தள்ளினால் சம்பந்தி வீடு வரை கூப்பிட்டு அசிங்கப்படுத்தினார்கள். ஒரு செயலி இப்படிச் செய்கிறதென்று மக்கள் ஒதுங்கினால் அதே ஆட்கள் வேறு பெயரில் வந்தார்கள். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது: கடன் செயலி போனில் உள்ள தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, படங்கள் இவற்றைத் தொடக் கூடாது. அதன்பின் 2023 மே 31 முதல் கூகுளும் தன் பிளே ஸ்டோரில் தனிநபர் கடன் செயலிகளுக்கு அதே மாதிரியான தடையைப் போட்டது. கள்ளச் செயலிகள் இன்னும் திரிகின்றன. ஆனாலும் இன்று ஒரு குடும்பம் என்னிடம் வந்தால், 'இது தவறு, இந்த விதியின்படி தவறு' என்று காட்ட என் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. முன்பு அதுவும் இல்லை. கல்விக் கடன் என்று கூப்பிடுகிறவர் ஏதாவது செயலியை இறக்கச் சொன்னால் இறக்காதீர்கள். வங்கிக் கிளைக்கு நேரில் போங்கள்.

ஆகவே என் பதில்: சட்டம்தான் முதலில். அதற்காக நம் சட்டம் நன்றாக இருக்கிறது என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன நாள் 2017 ஆகஸ்ட் 24. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வர 2023 ஆகஸ்ட் ஆனது. அதற்கான விதிகள் வர 2025 நவம்பர். அந்த விதிகளிலும் முக்கியமானவற்றுக்குப் பதினெட்டு மாத அவகாசம். அதாவது உங்கள் மகளின் விவரத்தை வாங்கியவர் மீது முழுக் கடமையும் வந்து விழ 2027 மே ஆகும். கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள்! அதற்குள் அவள் கல்லூரியில் முதலாண்டையே முடித்திருப்பாள்.

வரப்போகிற அந்தச் சட்டத்தில் நல்லவை உண்டு. எதற்காக விவரம் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்ன காரியத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. அந்த அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறலாம், அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் இந்த உரிமை உண்டு. சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். பதினெட்டு வயது முடியாதவரின் விவரத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது. இன்றே நடைமுறையில் இருந்திருந்தால் உங்கள் மகளுக்கு இது அப்படியே பொருந்தியிருக்கும். குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை, பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி வரை.

என் மனக்குறை வேறு. அந்த அபராதத்தில் ஒரு பைசா உங்களுக்கு வராது, முழுவதும் அரசுக் கருவூலத்துக்குத்தான். இழப்பீடு கேட்க இப்போது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. கடவுச்சொல், வங்கி விவரம், மருத்துவ விவரம் போன்றவை கசிந்தால்தான் அது கைகொடுக்கும், போன் நம்பருக்குப் பயன்படாது. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும் நாளில் அந்தப் பிரிவும் நீக்கப்படுகிறது. பாதிக்கப்பட்டவரின் கையில் இருந்த ஒரே குச்சியையும் வாங்கி வைத்துக்கொண்டு, 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அரசு சொல்கிறது. அரசின் சொந்தத் துறைகள் பலவற்றுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. இது மாற வேண்டும். மாற்றக் கேட்க வேண்டியவர்கள் நாமும்தான்.

அதுவரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. அழைப்பு வந்தால் உடனே துண்டிக்காதீர்கள். நிதானமாக, "உங்க பேர் என்ன, எந்த நிறுவனம், இந்த நம்பரை யார் கொடுத்தாங்க?" என்று மூன்றையும் கேட்டு, தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலோர் முதல் கேள்வியிலேயே வைத்துவிடுவார்கள். அந்த நம்பரைத் தொல்லை அழைப்புப் புகார் எண்ணான 1909-க்கோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் டி.என்.டி. செயலியிலோ ஏழு நாளுக்குள் புகார் செய்யுங்கள். விளம்பரம் வேண்டாமென்று முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. டிராய் விதிகளில் 2025 பிப்ரவரியில் வந்த திருத்தத்தின்படி ஒரு நம்பர் மீது பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். மகளின் வகுப்பில் எத்தனை அம்மாக்கள் இருக்கிறார்கள்? எல்லோருக்கும் இதே நம்பர்களிலிருந்துதான் அழைப்பு வந்துகொண்டிருக்கும். ஐந்து பேர் பேசிவைத்து ஒரே வாரத்தில் செய்யுங்கள்.

நுகர்வோர் வழக்கைப் பற்றி ஒரு விஷயம் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நம்பிக்கையின் பேரில் நுகர்வோர் கொடுத்த விவரத்தை அடுத்தவருக்குக் கொடுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். கோச்சிங் மையங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது 'இலவச'த் தேர்வு. காசு கொடுத்தவர்தான் நுகர்வோர் என்பது சட்டத்தின் இலக்கணம். எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே இதைத்தான் எடுத்துப் போடும். காசுக்குப் பதில் உங்கள் மகளின் விவரத்தையே விலையாக வாங்கிக்கொண்டார்கள் என்று நான் வாதாடுவேன், ஆனால் வெற்றிக்கு உத்தரவாதம் தர மாட்டேன். அதனால் தேடிப் பாருங்கள்: அதே மையத்தில் வினாத்தாள் தொகுப்புக்கோ கிராஷ் கோர்ஸுக்கோ நூறு ரூபாயாவது கட்டினீர்களா? ரசீது, ஜி-பே பதிவு எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். இருந்தால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இல்லையென்றாலும், பலர் சேர்ந்து பாதிக்கப்பட்டால் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க அதே சட்டத்தில் வழி உண்டு. திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் பத்து அம்மாக்கள் சேர்ந்து போய்க் கொடுத்தால் அந்த மனுவுக்குக் கனம் இருக்கும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பணம் பறிபோனாலோ யாராவது மிரட்டினாலோ மட்டும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930.

கடையில் பில் போடும்போது நம்பர் கேட்டால் கொடுக்காதீர்கள். ஐந்து ரோடு பக்கம் ஒரு துணிக்கடையில் நான் மறுத்தபோது, "சிஸ்டம் எடுக்காதுங்க மேடம்" என்றது கவுன்டரில் இருந்த பெண். நம்பர் தராவிட்டால் பில் இல்லை என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாதென்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னேன். அந்தப் பெண் பத்து ஒன்பதுகளைத் தட்டினாள், பில் வந்துவிட்டது. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரிடமும் வாங்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு.

மகளுக்கு ஒரு ஏற்பாடு. அரசுக் கலந்தாய்வுக்கும் தேர்வுகளுக்கும் உங்கள் உண்மையான நம்பரையே கொடுங்கள், அங்கே ஓ.டி.பி. வந்தாக வேண்டும். மற்றப் படிவங்களுக்கெல்லாம் குறைந்த விலையில் தனியாக ஒரு சிம். வங்கியோடும் ஆதாரோடும் அதை இணைக்காதீர்கள். உங்கள் கணவர் சொன்ன சிம் யோசனையை இப்படித் திருப்பிப் போட்டால் சரியாக வரும். சேர்க்கை முடிந்ததும் அதைத் தூக்கிப் போடலாம்.

கடைசியாக, கோச்சிங் சென்டருக்கு ஒரு கடிதம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு குறைதீர் அலுவலரின் பெயரை அவர்கள் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். அவர் ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அவர் பெயருக்கு, சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். இவ்வளவு எழுதினால் போதும்:

"என் மகள், வயது 17, உங்கள் மாதிரித் தேர்வுக்காக இன்ன தேதியில் கொடுத்த விவரங்கள் என்னென்ன என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். தந்தையின் தொழிலும் வருமானமும் எதற்காகக் கேட்கப்பட்டன என்பதைத் தெரிவிக்கவும். இந்த விவரங்களை யார் யாருக்கு, எப்போது, எந்த அடிப்படையில் கொடுத்தீர்கள் என்பதைப் பெயரோடு தெரிவிக்கவும். இன்றுமுதல் என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். விவரங்களை அழித்துவிட்டு அதையும் எழுத்தில் உறுதி செய்யவும்."

படிவத்தின் ஸ்கிரீன் ஷாட், அழைப்பு நோட்டின் நகல் இரண்டையும் இணையுங்கள். அசலைக் கையிலேயே வைத்திருங்கள். முப்பது நாள் பாருங்கள். பதில் வந்தால் அந்தப் பதிலோடும், வராவிட்டால் தபால் அத்தாட்சியோடும் அஸ்தம்பட்டியில் உள்ள என் அலுவலகத்துக்கு வாருங்கள். மாலை ஐந்துக்கு மேல் இருப்பேன். மகளையும் அழைத்து வாருங்கள், படிவத்தில் என்னென்ன கேட்டார்கள் என்று அவளுக்குத்தான் நினைவிருக்கும்.